மூன்று பேர் அரிசி

நல்லசிவம் ஒரு தகரப் பெட்டியையும் ஒரு கட்டைப்பையையும் தூக்கிக்கொண்டு அமராவதிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடி போய்விட்ட மாதத்தில், கோகிலவாணியின் வீட்டில் ஒரு ஆளின் செலவு குறைந்திருக்க வேண்டும், ஆனால் குறையவில்லை. அவளும் மகள் மிதுலாவும் சாப்பிடும் அளவுக்குத்தான் அரிசி அளந்து போட்டாள், இரண்டு பேருக்குத்தான் குழம்பு வைத்தாள், இரண்டு பேருக்குத்தான் பால் வாங்கினாள், ஆனாலும் அரிசி டிரம் மூன்று பேருக்கு இறங்கியது, எண்ணெய் கேன் மூன்று பேருக்கு வற்றியது, அவன் விட்டுப்போன சந்தன சோப்பு குளியலறை மாடத்தில் ஈரம் படாமலே தேய்ந்து தேய்ந்து ஒருநாள் காகிதமாகி மறுநாள் இல்லாமல் போனது. கேஸ் சிலிண்டர் எப்போதும் தீர்கிற தேதியிலேயே தீர்ந்தது. கரூரில் எங்கள் சாயப்பட்டறை வீதியில் இருக்கிற அத்தனை பேருக்கும் மாதம் முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது, யாரும் அதற்காக மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை.

முதலில் எலி என்றோம். பொறியில் வடை வைத்துப் பார்த்தோம், வடை அப்படியே ஊசிப்போனது. எதிர்வீட்டில் முறுக்கும் மிக்சரும் போட்டு விற்கிற ரங்கநாயகி வந்து டிரம்மை எட்டிப் பார்த்தாள், மாடத்தையும் பார்த்தாள்.

"எலி சோப்புப் போட்டுக் குளிக்காது வாணி. உம்பட வூட்டுக்காரரு ஆளுதான் போயிருக்கறாரு, வயிறு இங்கயேதான் இருக்குது" என்றாள்.

அது சரியாகத்தான் இருக்கும் என்று வீதியே ஒப்புக்கொண்டது. வயிறு இருந்தால் சோறு இறங்கத்தானே செய்யும் என்று ஆளாளுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டோம், அரிசி வாங்குகிறவள் அவள்தானே.

நல்லசிவத்தைக் கெட்டவன் என்று எங்களில் யாரும் சொல்ல முடியாது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிப்பவன், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, டீக்கடையில் நின்றால் கூட இருக்கிற எல்லோருக்கும் அவனே காசு கொடுப்பான், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மொய்யில் அவன் பெயர் மேலே இருக்கும், யாருக்குக் கைமாற்று வேண்டும் என்றாலும் சட்டைப்பைக்குள் கை போய்விடும். ஆனால் வீட்டுக்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்றால் வாணி கேட்க வேண்டும், கேட்டால் போன மாதம் வாங்கியது என்ன ஆனது என்று அவன் கேட்பான், அவள் சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் பாதிதான் வரும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆள் அவன், பிள்ளையாருக்கும் அவன்மேல் ரொம்பப் பிரியம். திரைச்சீலையும் மேசைவிரிப்பும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து அவள் கொண்டுவந்த சம்பளத்தில்தான் அந்த வீட்டின் உலை கொதித்தது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், இனி கேட்டால் நீதிபதி முன்னால்தான் கேட்பது என்று அவள் விவாகரத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் மனுப் போட்டாள்.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, டிரம் ஒரு பக்கம் இறங்க, எங்கள் வீதி அந்த இறக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது. காப்பித்தூள் சட்டென்று குறைந்தால் பட்டறையில் பகலும் இரவும் வேலை என்று அர்த்தம், மிளகும் மஞ்சள்தூளும் குறைந்தால் அவனுக்குச் சளி, ரவை டப்பா இறங்கினால் அவனுக்குச் சோறாக்கச் சோம்பல். பள்ளிக்கூடம் கிளம்பும்போது மிதுலா டப்பாக்களைத் திறந்து பார்த்து, "அப்பா இன்னைக்கும் உப்புமாதான் போல" என்பாள். பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்தே அவன் உடம்புக்கு என்ன என்று எங்களால் சொல்ல முடிந்தது, அவனுக்குப் பணம் தர வேண்டியவர்கள்கூட வாணி வீட்டு வாசலில் நின்று, "அண்ணன் ஊர்ல இருக்கறாருங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருமுறை ஒரு வாரம் போல டிரம் அசையவே இல்லை. முதல் நாள் வாணி நிம்மதியாகத்தான் இருந்தாள், அப்புறம் கம்பெனியில் தையல் விட்டுப்போன துணியையெல்லாம் நல்ல துணியோடு சேர்த்து வைத்துத் திட்டு வாங்கினாள், கடைசியில் ரங்கநாயகியின் வீட்டுக்காரரைப் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவரச் சொன்னாள். அவன் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தான், வழியெல்லாம் அன்னதானம்.

"கேட்டியாடி கூத்த, நான் இங்க பயந்து சாகறேன், அவரு அங்க பொங்கல் வாங்கித் தின்னுட்டு நடக்கறாரு" என்று ரங்கநாயகியிடம் சொல்லிவிட்டு வாணி சிரித்தாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

தொல்லை வரவு செலவுப் பத்திரத்தில் வந்தது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் வருமானத்தையும் மாதச் செலவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் யார் யாருக்கு எவ்வளவு என்பது முடிவாகும். வாணி எழுதிக்கொண்டு போனதைப் படித்த அவளுடைய வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஒரு பொம்பளையும் ஒரு புள்ளையும் இத்தனை அரிசியா சாப்பிடறீங்க? மாசம் ஒரு பிளேடு பாக்கெட்டு வேற எழுதியிருக்க. ஷேவிங் யாருக்கு?"

"இத்தனைதானுங்க ஆகுது. ஆகறதத்தான் எழுதியிருக்கறனுங்க."

"குறைச்சுப் போடு. பார்க்கறவங்க நம்பணும்."

குறைத்துப் போட்டால் ஜீவனாம்சமும் குறைந்துதான் வரும், வாங்குவது குறையாதே என்று வாணி அன்றைக்கு ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. உண்மையை எழுதினால் பொய்க்கணக்கு மாதிரி இருந்தது, நம்பும்படி எழுதினால் மாதக் கடைசியில் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. வக்கீலம்மா பெருமூச்சு விட்டு அப்படியே தாக்கல் செய்தார்.

நல்லசிவத்தின் பத்திரமோ ஒரு பக்கம்கூட நிறையவில்லை. பொய் இல்லை, அவனும் ஆகிறதைத்தான் எழுதியிருந்தான். குடி போனபோது வாங்கிய அரிசிச் சாக்கு இன்னும் வாய்வரை நிறைந்திருந்தது, எண்ணெய் டின் தளும்பியது, சோப்பில் எழுத்துகூட அழியவில்லை. நாளும் சாப்பிடுகிறோம், நாளும் குளிக்கிறோம், ஒன்றும் குறையவில்லையே என்று அவனும் ஆச்சரியப்படவில்லை. தனக்குச் சிக்கனம் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இத்தனை நாள் வீட்டில் காசு ஓட்டையில் போனது வாணிக்கு நிர்வாகம் தெரியாததால்தான், தெரிந்த ஆள் கையில் இருந்தால் ஒரு சாக்கு ஆயுசுக்கும் வரும் என்று பட்டறையில் சொன்னான், அவர்களும் வந்து சாக்கைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். கடன்காரர்கள், புதுக்கல்யாணக்காரர்கள், சம்பளம் வந்த வாரமே கை வறண்டு போகிறவர்கள் எல்லோரும் அவனிடம் வழி கேட்டு வந்தார்கள். "ஆசையக் கொறைங்கப்பா, அரிசி கொறையாது" என்று அவன் சொல்லுவான். சொல்லிவிட்டு அவர்களுக்கும் சேர்த்து உலை வைப்பான், ஏனென்றால் அவன் நல்லசிவம்.

அந்த உலைதான் இங்கே இடித்தது. மூன்று பேருக்கு இறங்கிக்கொண்டிருந்த டிரம் ஐந்து பேருக்கு இறங்கியது, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்திக்கே இறங்கியது. டிங்கர் வேலை பார்க்கிற குமரவேலுக்குப் பிறந்தநாள் என்று அங்கே பாயசம் வைத்தார்கள், இங்கே சர்க்கரை டப்பா காலியானது. நல்லசிவம் அண்ணன் வீட்டில் சோறு குறையவே குறையாது என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் பேராகிவிட்டது, பாலத்துக்கு இந்தப் பக்கம் வாணி காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தாள். எங்கள் வீதி சும்மா இருக்கவில்லை, ஆளுக்கொரு படி என்று கொண்டுபோய் அவள் டிரம்மில் கொட்டினோம், அதையும் பட்டறைக்காரர்களே தின்றார்கள். ஊரான் வீட்டு நெய்யே என்று ஆரம்பிக்கிற பழமொழியை ரங்கநாயகி பாதியில் நிறுத்திக்கொண்டாள், நல்லசிவம் இன்னும் ஊரான் இல்லையே என்பதால்.

இதையும் வாணி தாங்கியிருப்பாள். ஆனால் அடுத்த வாய்தாவில் நல்லசிவம் இன்னொரு மனுக் கொடுத்தான், அவன் வக்கீல் எழுதிக் கொடுத்ததுதான். தாயின் ஊதாரித்தனம் அவருடைய பத்திரத்திலிருந்தே தெரிகிறது, தகப்பனோ மிகக் குறைந்த செலவில் கண்ணியமாகக் குடும்பம் நடத்தத் தெரிந்தவர், ஆகவே மைனர் பெண் மிதுலா தகப்பனிடம் வளர்வதே நல்லது என்று அதில் இருந்தது. அதை வக்கீலம்மா படித்துச் சொன்னதும் வாணி எழுந்து பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு அழுதாள், வெளியே கேட்கக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது, காலி டிரம் அதைப் பெரிதாக்கி வீதி முழுக்கக் கேட்க வைத்தது.

அன்றைக்குத்தான் ரங்கநாயகி முறுக்கு மாவோடு எழுந்து வந்து, எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் கண்ணு மிதுலா, உங்கப்பா அங்க குடி போனப்ப பால் காய்ச்சினாரா?"

மிதுலா யோசித்தாள். "இல்லைங்க அத்தை. அன்னிக்கு நானும் பெட்டியக் கொண்டுபோய் வைக்கறதுக்குப் போயிருந்தனே. பரோட்டா வாங்கிட்டு வந்தாரு, சாப்பிட்டோம்."

வாடகை வீடாயிருந்தாலும், ஒண்டுக் குடித்தனமாயிருந்தாலும், ஆறு மாதத்துக்குத் தங்குகிற இடமாயிருந்தாலும் நாங்கள் பால் காய்ச்சாமல் குடி போக மாட்டோம், பால் பொங்கி வழிந்தால்தான் அந்த அடுப்பு அந்த வீட்டு அடுப்பு. அதுவரை அவர்களுடைய அடுப்பு பழைய வீட்டில்தான் எரிகிறது. அவன் அங்கே எத்தனை உலை வைத்தாலும் அது வாணியின் அடுப்புத்தான், வாணியின் அரிசிதான். இத்தனை எளிதான விஷயம் எப்படித் தோன்றாமல் போனது என்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

கோர்ட் அவர்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் அருளானந்தம் என்கிற மூத்த வக்கீல் உட்கார்ந்து இரண்டு பத்திரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவத்தின் வக்கீல், "ரெண்டு பேருக்கு இத்தனை அரிசின்னா இவங்க என்ன ஹாஸ்டல் நடத்தறாங்களா சார்?" என்று சிரித்தார்.

வாணி எழுந்து நின்றாள். "நான் நடத்தலைங்க. அவருதான் நடத்தறாரு. நான் அரிசி மட்டும் போடறனுங்க" என்று ஆரம்பித்து, சோப்பு தேய்ந்ததிலிருந்து பால் காய்ச்சாமல் போனது வரை நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, உங்களைத் தின்ன வேண்டாம்னு நான் சொல்லலைங்க. நீங்க ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டீங்களே, அத்தனையும் எம் பொண்ணு சோறுங்க. அதைப் போட்டுப் பேரு வாங்கிக்கிட்டு, அந்தப் பேரை வெச்சே எம் பொண்ணையும் கேக்கறீங்களே. உங்களுக்கு நெஞ்சு கூசலீங்களா?"

"சார், இதுக்கெல்லாம் சட்டத்துல இடமில்லை" என்றார் அவன் வக்கீல்.

அருளானந்தம் நல்லசிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டம் இருக்கட்டும். ஏன் தம்பி, பால் காய்ச்சினீங்களா இல்லியா?"

"ஒத்த ரூமுங்க. ஒரு ஆளு. அதுக்குப் போயி எதுக்குங்க..."

"காய்ச்சினீங்களா?"

நல்லசிவம் விரலில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டினான். "இல்லீங்க" என்றான். யாரும் கேட்காமலே, "காய்ச்சினா அது வூடாயிருமுங்களே" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதை வக்கீலம்மா பின்னால் எங்களிடம் சொன்னார். போகவும் மனமில்லாமல், இருக்கவும் துப்பில்லாமல், ஒரு காலை இங்கேயே வைத்துக்கொண்டுதான் அவன் போயிருக்கிறான், அந்தக் காலுக்கும் சேர்த்துத்தான் வாணி செலவு செய்திருக்கிறாள். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தே பாதிக் குடும்பங்களில் பெண்டுகள் ஓய்ந்துபோகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாய்தாவுக்குள் காய்ச்சிவிட்டுப் புதுப் பத்திரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அருளானந்தம் சொல்லி அனுப்பினார். அவன் காய்ச்சினான். ஆனால் பால் விளிம்புக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டான், சிக்கனத்துக்குப் பேர் போன கையல்லவா, ஒரு சொட்டு வழிய மனம் வரவில்லை. காய்ச்சிய பாலைப் பட்டறைக்காரர்கள் காப்பி போட்டுக் குடித்தார்கள். இங்கே வாணியின் பால் பாத்திரத்தில் அடி தெரிந்தது.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாணி மிதுலாவைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். அவன் குடியிருக்கிற இடத்துக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றாள். உள்ளே நிறைந்த சாக்கு, நிறைந்த டின், புத்தம்புதிய சோப்பு, மூலையில் அவனுடைய தகரப் பெட்டி, அதை அவன் இன்னும் பிரித்து அடுக்கவே இல்லை.

"உள்ள வா வாணி" என்றான் அவன். பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். "வந்ததுதான் வந்த, உங்கையாலயே ஊத்திரு. பொம்பள கையால ஊத்தறதுதான மொறை."

"நான் ஊத்தினா அதுவும் என் அடுப்பாயிருமுங்க. நீங்களே ஊத்துங்க."

அவன் ஊற்றினான். பற்றவைத்தான். மூன்று பேரும் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கல்யாணமான புதிதில் சாயப்பட்டறை வீதி வீட்டில் அவர்கள் காய்ச்சியபோது மிதுலா இல்லை, மற்றபடி நின்றது இவர்கள்தான். ஓரத்தில் நுரை கட்டியது, ஏடு உப்பியது, பால் மேலே மேலே வந்தது, அவன் கை தன்னால் அடுப்பின் திருகுக்குப் போனது.

"வுடுங்க" என்றாள் வாணி.

"வழிஞ்சிருமே வாணி."

"வழியட்டுமுங்க."

அவன் கையை எடுத்துக்கொண்டான். பால் விளிம்பைத் தாண்டிப் பாத்திரத்தின் நாலு பக்கமும் வழிந்து, அடுப்பில் சிந்திக் கருகி, தீயை அணைத்து, மேடையிலிருந்து தரைக்குச் சொட்டியது. அறை முழுக்கத் தீய்ந்த பால் வாசம். அப்போது மூலையிலிருந்த அரிசிச் சாக்கு மெல்லத் தளர்ந்து, நடுவில் மடங்கி, வெறும் சாக்காகத் தரையில் படிந்தது. எண்ணெய் டின் காற்றில் லேசாக ஆடியது. சோப்பு இருந்த இடத்தில் டப்பா மட்டும் இருந்தது. அவன் ஒருவன் தின்றதும் ஊருக்குப் போட்டதும் சேர்ந்தால் அந்த மாதிரி எத்தனையோ சாக்கு, இருந்தது ஒன்று, அது போனது, மீதியெல்லாம் எங்கள் கணக்குப்படி வாணிக்கு வர வேண்டிய பாக்கி. நல்லசிவம் காலிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தான், உதறிப் பார்த்தான், பிறகு மகள் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மிதுலா போய் அவன் முதுகில் கை வைத்தாள். வாணி வாசலைத் தாண்டவில்லை.

பட்டறைக்காரர்கள் அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை.

அடுத்த வாய்தாவில் அவன் பத்திரம் பக்கம் பக்கமாக இருந்தது. அரிசி, எண்ணெய், கேஸ், சோப்பு, பிளேடு எல்லாம் அவனுடைய கையெழுத்தில், முதல்முறையாக விலையோடு. வாணியின் பத்திரம் இரண்டு பேர் அளவுக்கு வந்து நின்றிருந்தது. மகளைக் கேட்ட மனுவை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான், மிதுலாவுக்கு மாதாமாதம் தருவதாக அருளானந்தம் சொன்ன தொகைக்குப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டான், விவாகரத்துக்கும் போட்டான், இத்தனை மாதம் தின்றதற்கும் தவணை எழுதிக் கொடுத்தான். அவன் வக்கீல் தடுத்துப் பார்த்தார். "எனக்கு ஒரு ஆளுக்கு என்ன ஆகும்னு இப்பத்தானுங்க தெரியுது" என்று அவன் சொன்னதும் விட்டுவிட்டார்.

வராந்தாவில் வாணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று அவள் பயந்தாள்.

"வாணி, ஒரு ஆளுக்கு எத்தனை அரிசி போடோணும்? ஒண்ணு மிஞ்சிப்போகுது, இல்லீன்னா பத்தமாட்டேங்குது."

பட்டறைக்கே சிக்கனம் சொல்லிக் கொடுத்த வாய் அது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வயிற்றை அவனைவிட அவளுக்குத்தான் தெரியும், அது நியாயமா என்று யோசிக்கிற நேரமும் இல்லை, பஸ் வந்துவிடும்.

"ஒரு டம்ளருங்க" என்றாள். "வேலை எச்சா இருக்கற அன்னைக்கு ஒன்றரை."

அவன் தலையாட்டினான். அவள் படி இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கு அரிசி அளந்து போட்டாள், இரண்டு பேருக்கு ரசம் வைத்தாள். டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் எடுத்த குழி மட்டும் இருந்தது, மற்ற இடமெல்லாம் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே. மிளகு டப்பாவைத் திறந்தாள், ரவையைத் திறந்தாள், காப்பித்தூளைத் திறந்தாள், ஒன்றும் அசைந்திருக்கவில்லை, இனி அசையப் போவதும் இல்லை. இதற்காகத்தான் இத்தனை நாள் கோர்ட் படி ஏறினாள், கேட்டது கிடைத்துவிட்டது, திரும்பக் கொடு என்று அவள் யாரிடமும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு டப்பாவாக இன்னொரு தடவை திறந்து பார்த்தாள், மிதுலா, "என்னம்மா தேடற?" என்று கேட்கும் வரை.

"ஒண்ணுமில்ல சாமி. தட்டு வை."

அவன் சாப்பிட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள்.